வெற்றிலை பாக்கு வைப்பதுபோல் ஒரு மெயில்

கிருஷ்ணகிரியில் நண்பர்கள் சேர்ந்து ஆவணியில் ஒருநாள் நாட்டு விதை, சிறுதானியத் திருவிழா நடத்தப்போகிறீர்கள். போன இரண்டு வருட வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்த எழுநூறு மின்னஞ்சல் முகவரிகள் கையில் இருக்கின்றன. "மெயில் போட்டால் நம்ம ஊரில் ஆள் வருமா? வருமென்றால் எப்படிப் போடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஆள் வரமாட்டார். அஞ்செட்டிப் பக்கம் ராகி போடுகிறவருக்கும், ராயக்கோட்டை மண்டியில் தக்காளி இறக்கிவிட்டு டீ குடிக்கிறவருக்கும் ஜிமெயில் கணக்கு இருக்கிறது. போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் திறந்து கொடுத்தது. அதற்குள் அவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. அவரைக் கூப்பிட வாட்ஸ்அப் குழு, சந்தையில் நோட்டீஸ், மைக் கட்டின ஆட்டோ. அந்தச் செலவை மெயிலை நம்பிக் குறைத்துவிடாதீர்கள்.

மெயில் படிக்கிறவர்கள் வேறு. ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை காவேரிப்பட்டணத்துக்கோ அரூருக்கோ வந்துபோகிறவர்கள். கல்லூரி ஆசிரியர்கள். அப்புறம் ஸ்டால் போடுகிற விதைக்காரர்கள், மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள், துறை அலுவலர்கள் என்று எழுத்தில் ஒன்று இருந்தால்தான் மேற்கொண்டு நகர முடிகிறவர்கள். இவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்ட அழைப்பு இரண்டே நாளில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். மெயில் கிடக்கும். முந்தின நாள் ராத்திரி "விதை" என்று தேடினால் தேதி, இடம், பஸ் எல்லாம் வந்து நிற்கும். எழுநூறு பேரில் நூறு பேர் இப்படி வந்தாலே உங்கள் விழாவின் நிறம் மாறும். இவர்கள்தான் விலை கேட்டு, இரண்டு கிலோ சாமை வாங்கி, அடுத்த வருடம் நாலு பேரைக் கூட்டிவருகிறவர்கள்.

நம் ஊரில் அழைப்பு இரண்டு வகை. தண்டோரா ஒன்று, வெற்றிலை பாக்கு வைப்பது ஒன்று. தண்டோராவுக்கு யார் காது கொடுத்தாலும் சரி. தாம்பூலம் வைக்கப் போகும்போது இந்த வீட்டில் யாரை முதலில் கூப்பிட வேண்டும், போன விசேஷத்துக்கு இவர் வந்தாரா, நாம் இவர் வீட்டுக்குப் போனோமா என்றெல்லாம் யோசித்துத்தான் படியேறுவோம். மெயில் இரண்டாவது வகை. அதைத் தண்டோராவாக அடிப்பதால்தான் பாதிப் பேருக்குப் பலிப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்தின் முதல் ஸ்பேம், அதாவது கேட்காமலே மொத்தமாக வந்து விழும் மெயில், என்று சொல்லப்படுவதே ஒரு நிகழ்ச்சிக்கான அழைப்புதான். 1978 மே மாதம், அமெரிக்காவில் டெக் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துர்க், கலிஃபோர்னியாவில் நடக்கும் தங்கள் அறிமுகக் கூட்டத்துக்கு வரச்சொல்லி, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அதற்கான இடத்தில் கொள்ளாமல் வழிந்து கடிதத்துக்குள்ளேயே வந்து விழுந்தன. திட்டு பலமாக விழுந்தது. விற்பனையும் நன்றாக நடந்தது என்று துர்க் பிற்பாடு சொன்னார். அந்த இரண்டாவது பாதியைக் கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் ஆட்கள் இருபதாயிரம் முகவரி விலைக்கு வாங்குகிறார்கள்.

நானும் ஒருமுறை வாங்கினேன். ஒரு கண்காட்சிக்காக, "தமிழ்நாடு, கர்நாடகா விவசாய ஆர்வலர்கள்" என்று ஒருவர் விற்ற எக்செல் கோப்பு. அனுப்பிய மறுநாளே மளமளவென்று திரும்பி வந்தது, பாதி முகவரி செத்துப்போனவை. அது பரவாயில்லை. அடுத்த வாரம் எங்கள் பேச்சாளருக்கு நான் தனியாக எழுதிய மெயிலும் ஸ்பேமில் போய் விழுந்தது. அவர் "தேதியை உறுதி செய்யவே இல்லையே" என்று போனில் வருத்தப்பட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கெட்ட பெயர் அந்தப் பட்டியலுக்கு இல்லை, அனுப்பின முகவரிக்கு. ஆகவே எழுநூறோடு நில்லுங்கள். அதையும் முதலில் சலியுங்கள்.

எப்படிச் சலிப்பது? பதிவேட்டில் பேனாவால் எழுதியதை யாரோ தட்டச்சு செய்திருப்பார்கள். ஒன்று என்ற எண்ணும் ஆங்கில எல் எழுத்தும் கையெழுத்தில் ஒன்றுபோல இருக்கும். ஜிமெயில் என்பதில் எழுத்து இடம் மாறியிருக்கும், டாட் காம் என்பது டாட் கான் ஆகியிருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து மூலப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் செத்த முகவரிகளுக்கு அனுப்புகிறவரை மெயில் கம்பெனிகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்.

பெயர்ப் பத்தியையும் பாருங்கள். மொத்தமாக மெயில் அனுப்ப உதவும் இணையக் கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டில் செய்தவை. முதல் சொல்தான் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். நமக்கு இனிஷியல் முன்னால் வரும். நான் கவனிக்காமல் விட்ட ஒரு தடவை, மரியாதைக்குரிய பெரியவர் ஒருவருக்கு "வணக்கம் எம்." என்று போய்ச்சேர்ந்தது. எக்செல்லில் "அழைக்கும் பெயர்" என்று தனியாக ஒரு பத்தி போட்டு, கையால் நிரப்புங்கள். வயதில் பெரியவர்களுக்கு அதிலேயே ஐயா, அம்மா சேர்த்துவிடலாம். எழுநூறு என்பது கையால் செய்யக்கூடிய எண்ணிக்கைதான்.

இன்னொரு பத்தி, ஊர். பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி–தர்மபுரி, ஸ்டால்காரர்கள் என நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சம்மத விஷயம் ஒன்றும் இருக்கிறது. பதிவேட்டில் முகவரி எழுதிக் கொடுத்தவர் அடுத்த விழாவுக்குக் கூப்பிடுங்கள் என்றுதான் கொடுத்தார். அதை இன்னொரு அமைப்புக்கோ விதைக் கம்பெனிக்கோ தூக்கிக் கொடுக்கக் கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: எதற்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது, வேண்டாம் என்றால் விலக வழி வைப்பது. ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "இனி அனுப்ப வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு வரி இருக்கட்டும். விலகுகிறவரைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். அந்த வழி இல்லாவிட்டால் அவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார், அது பத்து மடங்கு கேடு.

எவ்வளவு கேடு என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள், மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கியது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குள் இருப்பது நல்லது. எழுநூறு மெயிலில் இரண்டு பேர் அழுத்தினால் சுமார் 0.29 சதவீதம். மூன்றாவது ஆள் அழுத்தினால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இதைவிடக் கடுமையான சில விதிகள் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான், நீங்கள் அதில் வரமாட்டீர்கள், ஆனால் இந்தப் புகார் வரம்பு எல்லோருக்கும் பொது. கணக்கு எவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஓடுகிறது என்று தெரிந்திருக்கட்டும்.

எதிலிருந்து அனுப்புவது? சாதாரண ஜிமெயிலில் நாளுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, அடைத்துவிடுவார்கள். எல்லோரையும் ஒரே கடிதத்தில் "டு" பகுதியில் போட்டால் ஒருவர் முகவரி எழுநூறு பேருக்கும் தெரியும். துர்க் செய்த அதே தவறு. பிசிசி-யில் போட்டால் மறையும், ஆனால் பெயர் சொல்லி அழைக்க முடியாது. ஆகவே மெயில் அனுப்பும் கருவி ஒன்றைப் பிடியுங்கள். பிரெவோ மாதிரி சிலவற்றில் நாளுக்கு 300 வரை இலவசம். எழுநூறையும் பிரித்து அனுப்பினால் மூன்று, நாலு நாளில் முடிந்துவிடும், கருவிக்குக் காசு வேண்டாம்.

ஒரே சிக்கல், கருவி வழியாக அனுப்பும்போது அனுப்புநர் முகவரியில் உங்கள் ஜிமெயிலைப் போடாதீர்கள். ஜிமெயில் பெயரில் வேறொரு இடத்திலிருந்து வரும் கடிதத்தைக் கூகுள் போலி என்று எடுத்துக்கொள்ளும். விழாவின் பெயரில் ஒரு டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் சொந்த இணையப் பெயர், வாங்குங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சுற்றித்தான் வரும். வாங்கியதும் மூன்று விஷயம் ஏற்றச் சொல்வார்கள். எஸ்பிஎஃப் என்பது "என் பெயரில் இன்னின்னார்தான் கடிதம் கொண்டுவருவார்கள்" என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது கடிதத்தின் மேல் அரக்கு முத்திரை. டிமார்க் என்பது, பட்டியலும் முத்திரையும் ஒத்துவராத கடிதத்தை என்ன செய்யலாம் என்று வாசலில் எழுதிவைக்கும் குறிப்பு. கருவியே வரிகளைக் கொடுக்கும், டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டினால் போதும். தெரிந்த பையன் இருந்தால் அரை மணி நேரம். ஒரு மாதம் முன்னாலேயே செய்துவிடுங்கள். நேற்று பிறந்த டொமைன் இன்று எழுநூறு கடிதம் அனுப்பினால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். முதல் நாள் நன்றாகத் தெரிந்த ஐம்பது பேர், பதில் போடக்கூடியவர்கள். அப்புறம் நூறு. அப்புறம் மீதி, நாளுக்கு முந்நூறைத் தாண்டாமல்.

இனி கடிதம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நம் அழைப்பிதழ் மரபு உங்களுக்குத் தெரியும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று முக்கால் பக்கம் பெயர்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று அதிலேயே ஒரு பஞ்சாயத்து. தேதியும் இடமும் மூலையில் பொடி எழுத்தில். அந்த அழைப்பிதழை அச்சகத்திலிருந்து படமாக வாங்கி, நாலு எம்பி அளவில், மெயிலில் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் படம் தானாகத் திறக்காது. பெறுகிறவர் பார்ப்பது ஒரு வெற்றுக் கட்டம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடவும் முடியாது. அச்சகத்திலிருந்து எழுத்தாக வாங்கினால் வேறு தொல்லை. டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அதை அப்படியே மெயிலில் ஒட்டினால் வாய்க்குள் நுழையாத ஆங்கிலக் கிறுக்கலாக வரும். எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் நீங்களே புதிதாகத் தட்டுங்கள். அழைப்பிதழ் படம் வேண்டுமென்றால் சின்னதாக அடியில் இருக்கட்டும், பெயர் போட்டவர்கள் பார்த்துச் சந்தோஷப்பட.

சப்ஜெக்ட் வரியில் போனில் முதல் முப்பது, முப்பத்தைந்து எழுத்துதான் தெரியும். "மாபெரும் பாரம்பரிய நாட்டு விதைகள் மற்றும் சிறுதானிய…" என்று ஆரம்பித்தால் அதோடு வெட்டுப்படும், தேதியும் தெரியாது ஊரும் தெரியாது. "(தேதி) கிருஷ்ணகிரியில் விதைத் திருவிழா" போதும். இரண்டாவது மெயிலுக்கு ஆசை காட்டலாம்: "சாமை விதை வேண்டுமா? ஞாயிறு வாருங்கள்." ஆச்சரியக்குறிகளை அடுக்குவது, "இலவசம்" என்று கத்துவது வேண்டாம். அனுப்புநர் பெயரில் அமைப்பின் பெயர் மட்டும் இருந்தால் விளம்பரம் மாதிரி இருக்கும். உங்கள் பெயரும் பக்கத்தில் "விதைத் திருவிழா" என்றும் போடுங்கள். தெரிந்த பெயரைத்தான் விரல் தொடும்.

பெங்களூர்க்காரர்களுக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் (பெயர்). போன வருடம் நம் விதைத் திருவிழாவுக்கு வந்திருந்தீர்கள். இந்த ஆண்டு (தேதி) ஞாயிறு, காலை 9 முதல் மாலை 5 வரை, கிருஷ்ணகிரி (மண்டபம்), புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்.

சாமை, தினை, கேழ்வரகு, அவரை, கொள்ளு விதைகளை விவசாயிகளே கொண்டுவந்து வைக்கிறார்கள். பதினொரு மணிக்கு வீட்டு மாடியில் விதை எடுத்துச் சேமிப்பது எப்படி என்று செய்து காட்டுகிறோம். மதியம் களியும் கீரைக் கடைசலும்.

பெங்களூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சேலம், தர்மபுரி, திருவண்ணாமலை பஸ்கள் இந்த வழிதான். ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுங்கள், சிலது பைபாஸிலேயே இறக்கிவிடும். கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை.

வருவதாக இருந்தால் கீழே உள்ள லிங்கை அழுத்திச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இதற்கே பதில் போடுங்கள், நான்தான் படிப்பேன்."

அவ்வளவுதான். "போன வருடம் வந்திருந்தீர்கள்" என்ற வரிதான் வெற்றிலை பாக்கு. யார், ஏன் எழுதுகிறார் என்பது முதல் மூச்சிலேயே தெரிகிறது. "சாப்பாட்டுக்குக் கணக்கு" என்பதும் சும்மா போட்டதல்ல. முன்பதிவு செய்யுங்கள் என்றால் நம் ஆட்கள் "அப்போது பார்த்துக்கலாம்" என்று விடுவார்கள். சமைக்கிறவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றால் உடனே சொல்வார்கள், சோறு வீணாவதில் நமக்கு ஒரு கூச்சம் உண்டு. லிங்க் ஒன்றே ஒன்று. யூடியூப், ஃபேஸ்புக், நன்கொடை என்று ஆறு லிங்க் வைத்தால் எதையும் அழுத்தமாட்டார்கள். சுருக்கிய லிங்க்குகள் வேண்டாம், மோசடி ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதால் வடிகட்டிகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ஓசூர்க் குழுவுக்குப் பஸ் பத்தி தேவையில்லை, அரை நாளில் வந்து திரும்பலாம் என்பதைச் சொல்லுங்கள். அங்கே இன்னொரு விஷயம், தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக இருந்து, தமிழ் நன்றாகப் பேசி, படிக்க மட்டும் தயங்குகிறவர்கள் நிறைய. அடியில் நாலு வரி ஆங்கிலத்தில் போட்டுவிடுங்கள். ஸ்டால்காரர்களுக்கு மேசை அளவு, கரண்ட் பாயின்ட், வண்டி நிறுத்த எந்த வாசல், கட்டணம் எவ்வளவு என்பதுதான் கடிதம். அவர்களுக்குப் போய் சிறுதானியத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

எத்தனை மெயில், எப்போது? அதற்கு முன்னால் ஒன்று: நீங்கள் நினைத்திருக்கும் ஞாயிறு முகூர்த்த நாளா என்று நாள்காட்டியைப் பாருங்கள். ஆடி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் இருந்துவிட்டு ஆவணியில் எல்லாரும் ஒரே மூச்சில் வைப்பார்கள். முகூர்த்த ஞாயிறு என்றால் எத்தனை மெயில் போட்டும் பயனில்லை, மண்டபமும் கிடைக்காது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டியும் வேண்டாம்.

முதல் மெயில் மூன்று, நாலு வாரம் முன்னால். தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்வது மட்டும் அதன் வேலை. நாள்காட்டியில் சேர்க்கும் பொத்தான் ஒன்று வைத்தால் அலுவலகக்காரர்களுக்கு உபயோகம். இரண்டாவது பத்து நாள் முன்னால், என்னென்ன விதை வருகிறது என்ற பட்டியலோடு. மூன்றாவது விழா வாரத்தில், பெங்களூர்க் குழுவுக்கு வியாழக்கிழமை, மற்றவர்களுக்கு அதற்கு முந்தின இரண்டு நாளில். பெங்களூரில் இருப்பவர் ஞாயிறு ஊருக்கு வருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அன்றைக்குத்தான். வருகிறேன் என்று ஏற்கெனவே சொன்னவருக்கு மறுபடி "வாருங்கள்" என்று போகக் கூடாது, அவருக்கு வழி, பார்க்கிங், போன் எண் மட்டும். இதைப் பிரிக்காமல் அனுப்பினால் "சொன்னதே இவர்கள் காதில் விழவில்லை" என்று நினைப்பார். நேரம் காலை பத்து வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு எல்லார் இன்பாக்ஸும் நிரம்பி வழியும்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்? கருவி "இத்தனை பேர் திறந்தார்கள்" என்று ஒரு எண் காட்டும். அதைப் பார்த்து மயங்காதீர்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு மறைப்பு கொண்டுவந்தது. அதில் படிக்கிறவர் திறக்காவிட்டாலும் திறந்ததுபோலவே பதிவாகும். லிங்கை அழுத்தியவர்கள், பதில் போட்டவர்கள், இந்த இரண்டை எண்ணுங்கள். வாசலில் பதிவேடு வைக்கும்போது "எப்படித் தெரிந்தது" என்று ஒரு கட்டம் சேர்த்து, மெயில், வாட்ஸ்அப், நோட்டீஸ், ஆட்டோ என்று டிக் போடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் எதில் காசு போடுவது என்று அந்தத் தாள் சொல்லும். மெயில் முகவரியை எழுதச் சொல்வதற்குப் பதில், ஒரு தன்னார்வலர் போனில் அவர் கண் முன்னாலேயே தட்டி, காட்டி, சரியா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

நாலாவது மெயில் ஒன்று இருக்கிறது, யாரும் அனுப்புவதில்லை. விழா முடிந்த மூன்று நாளுக்குள், வந்தவர்களுக்கு. நன்றி என்று ஒரு வரி, நாலு படம், யாரிடம் என்ன விதை கிடைக்கும் என்ற பட்டியல் (விதைக்காரர்கள் சம்மதித்தால் போன் எண்ணோடு). வராதவர்களுக்கு வேறு கடிதம்: "வர முடியவில்லை போல, பட்டியலை இணைத்திருக்கிறேன்." எனக்கு அதிகம் பதில் வந்தது எப்போதும் இந்த நாலாவது கடிதத்துக்குத்தான். ஒருமுறை ஒருவர், வாங்கிப்போன அவரை மாடியில் காய்த்ததைப் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த வருட முதல் மெயிலில் அந்தப் படத்தைத்தான், அவரிடம் கேட்டுக்கொண்டு, மேலே வைத்தேன்.

அனுப்புவதற்கு முந்தின நாள் உங்களுக்கே ஒன்று, வீட்டில் யாருக்காவது ஒன்று, ஓசூரில் கம்பெனி மெயில் வைத்திருக்கும் நண்பருக்கு ஒன்று அனுப்பிப் பாருங்கள். விலை குறைந்த போன் ஒன்றிலும் திறந்து பாருங்கள். லிங்கை அழுத்துங்கள். தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் ஞாயிறு என்று போட்டு சனிக்கிழமைத் தேதியைக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றுகொண்டு இரண்டு பேர் போன் செய்தார்கள்.